சிங்கப்பூர் – நியூயார்க் நான்ஸ்டாப் விமானம்: தூரமும் பயண நேரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் பறக்கும் பயணிகள் விமானங்களில், தூரக் கணக்கில் முதலிடம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் இடையில் ஓடும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குத்தான். டிக்கெட் எடுக்க நினைப்பவர்களும், விமானங்களைப் பற்றிப் படிப்பதில் ஆர்வம் உள்ளவர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்: இணையத்தில் ஒரு தளம் ஒரு நேரம் சொல்கிறது, டிக்கெட்டில் வேறு நேரம் இருக்கிறது, எதை நம்புவது? அங்கிருந்து தொடங்கிப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

சாங்கியிலிருந்து ஜேஎஃப்கேவுக்கு எவ்வளவு தூரம்?

சுமார் 15,350 கிலோமீட்டர். மைலில் 9,540 போல வரும்; விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 8,290 போல. நியூயார்க்கின் இன்னொரு விமான நிலையமான நியூவார்க்குக்கும் சிங்கப்பூரிலிருந்து இதே நிறுவனம் நான்ஸ்டாப் விமானம் விடுகிறது. அந்தத் தூரம் இதைவிடச் சில கிலோமீட்டர்தான் குறைவு, பயணிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

பூமியில் எந்த இரண்டு இடங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி சுமார் 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது. அதற்கு மேல் போனால் எதிர்ப்பக்கமாக வருவதே கிட்டம். அப்படிப் பார்த்தால், இந்த ஒரு விமானம் பூமியில் போக முடிந்த அதிகபட்ச தூரத்தில் முக்கால் பங்குக்கும் மேல் போய்விடுகிறது.

இந்தத் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? நாமே போட்டுப் பார்க்க முடியுமா?

மற்ற ஊர்களுக்கு என்றால் கோண கணிதம் வேண்டும். இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் ஒரு காகிதத்தின் ஓரமே போதும். காரணம், இரண்டும் பூகோளத்தில் ஏறக்குறைய எதிரெதிர் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. சாங்கி கிழக்கு 104 பாகை, ஜேஎஃப்கே மேற்கு 73.8 பாகை. கூட்டினால் 177.8. சரியாக 180 என்றிருந்தால், மிகக் குறுகிய வழி வடதுருவத்தின் மேலேயே போகும்.

ஆகவே துருவம் வரை ஒரு கணக்கு, துருவத்திலிருந்து இன்னொரு கணக்கு. சாங்கி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.36 பாகையில் இருக்கிறது. அங்கிருந்து துருவத்துக்கு 88.64 பாகை. ஜேஎஃப்கே 40.64 பாகையில்; துருவத்திலிருந்து அதற்கு 49.36 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,346. பூமி சரியான உருண்டை இல்லை என்பதற்கும், வழி துருவத்தைத் தொடாமல் 300 கிலோமீட்டருக்கும் குறைவாக விலகிப் போவதற்கும் சின்னத் திருத்தங்கள் உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் விமானம் வடதுருவத்தின் மேல்தான் பறக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. குழப்பம் எல்லாம் தொடங்குகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் ஒரு கோட்டால் இணைத்தால், அது இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். அது நீளமான வழி. ஒரு பூகோள உருண்டையை எடுத்து இரு ஊர்களுக்கும் நடுவில் நூலை இழுத்துப் பிடித்தால் கதை மாறிவிடும். நூல் நேராக வடக்கே ஏறும்: தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனாவின் யுன்னான், மங்கோலியா, பைக்கால் ஏரிக்குச் சற்று மேற்கே சைபீரியா, ஆர்க்டிக் கரையில் தைமிர் தீபகற்பம். பிறகு துருவத்தின் பக்கத்தில் கடந்து, கிரீன்லாந்தின் வடமேற்கு, கனடாவின் பேஃபின் தீவு, கியூபெக், மான்ட்ரியால் பக்கமாக இறங்கி நியூயார்க்.

15,350 கிலோமீட்டர் என்பது இந்த நூலின் நீளம். ஆனால் விமானம் நூலைப் பிடித்துப் போவதில்லை. இந்த வழியில் ரஷ்யாவின் மேல் வெகுதூரம் பறக்க வேண்டும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பல நிறுவனங்கள் அந்த வான்வெளியைத் தவிர்க்கின்றன. போர் இல்லாத காலத்திலும்கூட நூல் வழி எல்லா நாளும் வேகமான வழியாக இருந்ததில்லை. காற்று சாதகமாக இருந்தால், ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போகிறவனே முன்னால் போய்ச் சேருவான்.

நடைமுறையில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பல நாட்கள் வடகிழக்காகத் திரும்பும். பிலிப்பைன்ஸ் பக்கம், ஜப்பானுக்கு அருகில், வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்காவுக்குத் தெற்கே வந்து, கனடாவின் மேலாக நியூயார்க் போகும். திரும்பி வரும்போது பசிபிக் பக்கமே போகாமல் அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா, மேற்காசியா, இந்தியாவின் பக்கமாக வருவது சகஜம். அதாவது போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. போய்விட்டு வந்தவர் தனக்கே தெரியாமல் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்!

ஏன் இரண்டு தடவையும் கிழக்கு நோக்கி?

ஜெட் ஸ்ட்ரீம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு அது. விமானங்கள் பறப்பதும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான். குளிர்காலத்தில், அதுவும் ஜப்பானுக்கு அருகில், அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அதைப் பின்னால் வாங்கிக்கொண்டால் தரைக் கணக்கில் மணிக்கு 1,100 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். எதிரில் வாங்கினால் அதே விமானம் 700-க்குக் கீழே தவழும். சிங்கப்பூரும் நியூயார்க்கும் எதிரெதிர் தீர்க்கரேகைகளில் இருப்பதால், எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரம் பெரிதாக வேறுபடாது. வேறு பல நீண்ட தடங்களுக்கு இந்த வசதி கிடையாது; அவை ஒரு திசையில் காற்றோடும் மறு திசையில் காற்றை எதிர்த்தும்தான் போயாக வேண்டும்.

ஒவ்வொரு நாளும் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய காற்று நிலவரத்தைப் பார்த்துத்தான் அன்றைய வழியை முடிவு செய்வார்கள். அதனால்தான் நேற்றைய விமானத்தின் பாதையை ஃபிளைட் டிராக்கரில் பார்த்து, 'நாளை என் விமானமும் இந்த வழியில்தான்' என்று சொல்ல முடியாது.

சரி, மொத்தம் எத்தனை மணி நேரம்?

அட்டவணையில் பதினெட்டரை மணியிலிருந்து பத்தொன்பது மணி வரை போட்டிருப்பார்கள். பருவத்தைப் பொறுத்து இது மாறும். இதில் விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் கேட்டில் நிற்பது வரை எல்லாம் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் ஊர்வது எல்லாவற்றையும் கழித்தால், காற்றில் இருக்கும் நேரம் நல்ல நாளில் பதினேழரை மணிக்கு அருகில்கூட வரும். அதனால் அட்டவணை நேரத்துக்கு முன்பே தரையிறங்கினால் வியப்பதற்கு ஒன்றுமில்லை; நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டித்தான் போடுகின்றன.

தூரக் கணக்கீட்டுத் தளங்கள் வேறு மாதிரி. தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்துச் சொல்லிவிடும். இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ350 விமானத்தின் பறக்கும் வேகம் மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர். 15,350-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம், அரை மணி கூட்டினால் பதினேழரை. காற்று, சுற்று வழி, மூடிய வான்வெளி எதுவும் அந்தக் கணக்கில் வராது. இரண்டு ஊர்களுக்கு நடுவே விமானமே ஓடாவிட்டாலும் அந்தத் தளங்கள் ஒரு நேரம் சொல்லும் என்பதைக் கவனியுங்கள். பயணத்தைத் திட்டமிட டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் பாருங்கள்.

எந்த நாளில் போய்ச் சேருவேன்?

நியூயார்க் நேரம் சிங்கப்பூரைவிடக் குளிர்காலத்தில் 13 மணி நேரமும், கோடையில் 12 மணி நேரமும் பின்னால். அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கிறார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. கோடையில் போனால், முள் கடிகாரம் கட்டியவர்கள் அதைத் தொடவே வேண்டாம்; பகல் இரவாகும், முள் அதே இடத்தில் நிற்கும்.

உதாரணத்துக்கு, கோடையில் ஒரு செவ்வாய் இரவு 11.30-க்குச் சிங்கப்பூரில் ஏறி பதினெட்டரை மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் புதன் மாலை 6 மணி. நியூயார்க்கில் புதன் காலை 6 மணி. இரவில் ஏறி மறுநாள் விடியலில் இறங்கியதாகத் தோன்றும், அவ்வளவுதான்.

திரும்பும்போது கதை வேறு. செவ்வாய் இரவு 10.30-க்கு நியூயார்க்கில் ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது வியாழன் விடிகாலை. புதன்கிழமை என்று ஒன்று உங்கள் நாட்காட்டியில் ஏறக்குறைய இருக்காது. ஹோட்டல் பதிவு செய்யும்போதும், யாரையாவது விமான நிலையத்துக்கு வரச் சொல்லும்போதும் இந்த ஒரு நாளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் +1, +2 என்று சின்னதாகப் போட்டிருப்பதைப் பாருங்கள்.

எந்த விமானம் இவ்வளவு தூரம் போகிறது?

ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆர். அதிதூரப் பயணத்துக்கென மாற்றிய வகை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏழு விமானங்கள் வாங்கியது. வெளியே பார்த்தால் சாதாரண ஏ350-900 போலவேதான் இருக்கும். எரிபொருள் அமைப்பில் மாற்றம் செய்து, 1,41,000 லிட்டருக்குப் பதில் 1,65,000 லிட்டர் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். கூடுதல் தொட்டி எதுவும் வைக்கவில்லை. 18,000 கிலோமீட்டர் வரை பறக்க முடியும் என்பது ஏர்பஸ் சொல்லும் கணக்கு.

எகானமி வகுப்பு ஏன் இல்லை?

எடைதான் காரணம். இந்த விமானத்தில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி (எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட வகுப்பு), மொத்தம் 161 இருக்கைகள். இதே நிறுவனத்தின் வழக்கமான தொலைதூர ஏ350-இல் 253 இருக்கைகள். ஆட்களும் பெட்டிகளும் குறைந்தால்தான் அவ்வளவு எரிபொருளைத் தூக்கிக்கொண்டு எழும்ப முடியும். ஆட்கள் குறைந்தால் ஒவ்வொருவரிடமும் அதிகம் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். ஆகவே மலிவான இருக்கைக்கு இங்கே இடமில்லை.

நீண்ட பயணத்தில் எரிபொருள் ஒரு விநோதமான சுமை. கட்டுச்சோற்று மூட்டை தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் நடக்கிறவன், மூட்டையைச் சுமந்த களைப்புக்கே பாதிச் சோற்றைத் தின்றுவிடுவான் அல்லவா, அதே நிலைமை. விமானத்தில் கூடுதலாக ஏற்றும் எரிபொருளில் மணிக்கு ஏறக்குறைய 3 சதவீதம், அதைச் சுமப்பதற்கே எரிந்துபோகும் என்பது துறையில் உள்ள தோராயக் கணக்கு. பதினெட்டு மணி நேரத்தின் கடைசியில் பயன்படப்போகிற எரிபொருளைச் சுமக்க, வழியெல்லாம் எவ்வளவு எரியும் என்று யோசித்துப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டால் மொத்தச் செலவு குறையும். நான்ஸ்டாப் என்பது நேரத்தைக் காசு கொடுத்து வாங்குவது. சிக்கனமான ஏற்பாடு அல்ல.

இந்தச் சேவை நடுவில் நின்றுபோனதாமே?

ஆமாம். 2004 ஜூனில் நியூவார்க்குக்கு முதலில் தொடங்கினார்கள். அப்போது நான்கு இன்ஜின் கொண்ட ஏ340-500. பிறகு 2008-இல் இருக்கைகளை நூறாகக் குறைத்து முழுக்க பிசினஸ் வகுப்பாக மாற்றியும் பார்த்தார்கள். எரிபொருள் விலை ஏறியபோது நான்கு இன்ஜின் விமானம் தாங்கவில்லை, 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு இன்ஜினில் இதே தூரம் போகும் ஏ350-900யூஎல்ஆர் வந்த பிறகு, 2018 அக்டோபர் 11 அன்று மீண்டும் தொடங்கியது. கொரோனா காலத்தில் நியூவார்க் சேவை நிற்க, 2020 நவம்பரில் ஜேஎஃப்கே தொடங்கியது. அப்போது சாதாரண ஏ350-ஐயே அனுப்பினார்கள். பயணிகள் குறைவு, சரக்குக்கு நல்ல தேவை. 2022 மார்ச்சில் நியூவார்க்கும் திரும்பி வந்தது.

எகானமியில் போக வேண்டும் என்றால்?

இதே நிறுவனம் ஃபிராங்ஃபர்ட் வழியாக ஜேஎஃப்கேவுக்கு இன்னொரு விமானம் ஓட்டுகிறது. ஒரே விமான எண், நடுவில் இறங்கிக் கொஞ்சம் காத்திருந்து அதே விமானத்தில் ஏற வேண்டும். சிங்கப்பூர் – ஃபிராங்ஃபர்ட் சுமார் 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,200. ஆக 16,500, நேர்வழியைவிட 1,150 கிலோமீட்டர்தான் அதிகம். நேரம் நான்கைந்து மணி கூடும். நடுவில் காலை நீட்டி நடக்கலாம், பணமும் மிச்சம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பதிவு செய்யும்போது ஒன்றைப் பாருங்கள்: 'டைரக்ட்' என்று போட்டிருந்தால் நடுவில் நிற்கலாம், நிற்காமல் போவதற்கு 'நான்ஸ்டாப்' என்று இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து நியூயார்க் போக இந்த வழி சரியா?

தூரத்தைப் பார்த்தால் சரியில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், அதோடு 15,350 சேர்த்தால் 18,250. துபாய் வழியாகப் போனால் முதல் கட்டம் அதே 2,900 போலத்தான், அப்புறம் 11,000. மொத்தம் 14,000-க்குள் முடிந்துவிடும். சிங்கப்பூர் வழியாகப் போவது நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று. சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறீர்கள் என்றால் சரி, இல்லாவிட்டால் வளைகுடா வழியோ டெல்லி வழியோதான் புத்திசாலித்தனம்.

விமானிகள் தூங்காமலா ஓட்டுகிறார்கள்?

இல்லை. நான்கு விமானிகள் இருப்பார்கள், முறை வைத்து ஓட்டுவார்கள். படுக்கை உள்ள தனி ஓய்வறை அவர்களுக்கு உண்டு. பணிப்பெண்களும் பணியாளர்களும் தூங்கத் தனி இடம் பின்பக்கம் இருக்கிறது. புறப்படும்போதும் இறங்கும்போதும் மட்டும் எல்லாரும் விழித்திருப்பார்கள்.

கடல் நடுவில் ஒரு இன்ஜின் நின்றால்?

மற்ற இன்ஜின் ஒன்றே போதும், ஆனால் வேகமும் உயரமும் குறையும். இரட்டை இன்ஜின் விமானங்கள் எப்போதும் ஒற்றை இன்ஜினில் குறிப்பிட்ட நேரத்துக்குள் அடையக்கூடிய ஒரு விமான நிலையம் இருக்கும்படிதான் வழியை அமைக்க வேண்டும். ஏ350-900-க்கு இந்த வரம்பு 370 நிமிடம் வரை போகலாம் என்று 2014-இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அனுமதித்தது. வட பசிபிக்கில் ஜப்பானும் அலாஸ்காவும் அப்படிப்பட்ட புகலிடங்கள். துருவப் பக்கம் போகும் நாட்களில் இன்னொரு கவலை, எரிபொருளின் குளிர்ச்சி. அமெரிக்காவில் பொதுவாக நிரப்பும் ஜெட் ஏ என்ற எரிபொருள் மைனஸ் 40 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். சிங்கப்பூரில் கிடைக்கும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். தொட்டியின் வெப்பம் ரொம்ப இறங்கினால் விமானிகள் உயரத்தையோ வேகத்தையோ மாற்றுவார்கள்.

பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதா?

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. ஆகவே இரண்டு மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள். முன்பு இந்தப் பிரச்சினை வந்தவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு வேளைக் கணக்கே தலைகீழாகும். எந்த நேரத்தில் எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

12 மணி நேர மாறுதலுக்கு உடம்பு பழக ஒரு வாரமும் ஆகலாம். இறங்கிய நாளில் வெயிலில் நடப்பதும், உள்ளூர் இரவு வரை தூங்காமல் தாக்குப்பிடிப்பதும்தான் உதவும்.

பிரீமியம் எகானமியில் எந்த இருக்கை நல்லது?

இருக்கைகள் 2-4-2 என்று இருக்கும். கடைசி மூன்று வரிசைகளில் விமானத்தின் உடல் குறுகுவதால் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் வரும். யாரையும் எழுப்பாமல் எழுந்து போகலாம். தனியாகப் போகிறவர்கள் முதலில் அதைத் தேடுங்கள். ஆனால் கழிவறை பக்கம் என்பதால் நடமாட்டம் கொஞ்சம் இருக்கும்.

ஜேஎஃப்கேவா, நியூவார்க்கா?

தூரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், போகிற வீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குயின்ஸ், புரூக்ளின், லாங் ஐலண்ட் என்றால் ஜேஎஃப்கே. எடிசன், ஜெர்சி சிட்டி என்று நியூஜெர்சி பக்கம் போகிறவர்கள் நியூவார்க்கில் இறங்கினால், மாலை நெரிசலில் மன்ஹாட்டனைக் கடக்கும் தொல்லை மிச்சம்.

இதைவிட நீளமான விமானம் வருமா?

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் அதற்குத்தான் தயாராகிறது. சிட்னியிலிருந்து லண்டனுக்கு நான்ஸ்டாப், சுமார் 17,000 கிலோமீட்டர், 20 மணி நேரத்துக்கு மேல். இதற்காக ஏ350-1000 வகையில் 12 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். 238 இருக்கைகள், எகானமியும் உண்டு. 2019 அக்டோபரிலேயே நியூயார்க்கிலிருந்து சிட்னிக்குச் சுமார் ஐம்பது பேரை மட்டும் ஏற்றி ஒரு போயிங் 787-இல் சோதனை ஓட்டம் விட்டார்கள்; அது 19 மணி 16 நிமிடம் பறந்தது. சிட்னி – லண்டன் ஓடத் தொடங்கினால் முதலிடம் சிங்கப்பூர் கையை விட்டுப் போய்விடும். ஆனால் சிட்னிக்காரர்களுக்கு, போகும்போதும் வரும்போதும் காற்றைப் பின்னால் வாங்கிக்கொள்ளும் வசதி இருக்காது.